நம்மைப் பாடமாக எடுத்தவர்கள்





கல்லூரி விண்ணப்பங்களுக்கான காலம் இது. வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், வந்துபோன சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கோர்ஸைச் சிபாரிசு செய்திருப்பார்கள். அந்தச் சிபாரிசுகளில் அரசியல் அறிவியல் இருந்திருக்காது. பிள்ளையே வாய்விட்டுக் கேட்டிருந்தால், “அதைப் படிச்சுட்டு எந்தக் கட்சியில சேரப் போற?” என்று ஒரு சித்தப்பா சிரித்திருப்பார். “ஐ.ஏ.எஸ். எழுத உதவும்னா படிக்கட்டும்” என்று ஓர் அத்தை சமாதானம் சொல்லியிருப்பார். போட்டித் தேர்வுக்காரர்கள் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் லட்சுமிகாந்த் புத்தகத்தைத் தாண்டி அந்தத் துறையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலருக்குச் சட்டென்று பதில் வராது.

அரசியல் பேசாத தமிழ் வீடு உண்டா என்று யோசித்தால் இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எந்தத் தொகுதியில் எந்தச் சாதி எத்தனை சதவீதம் என்று டீக்கடையிலேயே கணக்குச் சொல்கிறோம். எந்த நடிகர் எப்போது கட்சி தொடங்குவார் என்று ஜோசியம் சொல்கிறோம். இதையெல்லாம் முறையாகப் படிக்க ஒரு துறை இருக்கிறது, அதற்காக வாழ்க்கையைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்றால் மட்டும் ஆச்சரியப்படுகிறோம்.

இந்த இதழின் உயர்கல்விப் பக்கங்களுக்காகப் பல்கலைக்கழகத் துறைகளின் பேராசிரியர் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். எல்லா ஊரிலும் ஒரே அச்சுதான். பெயர், பட்டம், கற்பிக்கும் பாடங்கள். அதற்குக் கீழே ஆய்வு ஆர்வம் என்று ஒரு வரி: ஒப்பீட்டு அரசியல், கட்சி அமைப்பு, இனத்துவம், தெற்காசியா. அவ்வளவு வறண்ட வரி. ஆனால் அந்த ஒரு வரியை எழுதிக்கொள்ள யார் யார் எங்கெங்கே போய் என்னென்ன பார்த்தார்கள் என்று தேடினால் விஷயம் வேறாகிவிடுகிறது. அவர்களில் சிலர் நம் ஊரையே, நம் தெருவையே பாடமாக எடுத்துக்கொண்டவர்கள். இந்த மாதம் இந்தப் பக்கத்தை அவர்களுக்குக் கொடுக்கிறேன்.

லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் தம்பதியிலிருந்து தொடங்கலாம். லாயிட் அமெரிக்கர். சூசன் 1930-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் பிறந்து, நாஜி ஆட்சியிலிருந்து தப்பிய குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். இருவரும் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார்கள். 1956-இல் ஒரு லேண்ட் ரோவர் வண்டியில் லண்டனிலிருந்து தரைவழியாகவே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், கைபர் கணவாய் என்று நீண்ட அந்தப் பயணத்தைப் பற்றி முதுமையில் ஒரு புத்தகமே எழுதினார்கள்.

அவர்கள் மதராஸ் மாநிலத்துக்கு வந்தது கருத்துக் கணிப்பு நடத்துவதற்கு. அமெரிக்கச் சமூக அறிவியலில் அப்போது அதுதான் புதுமோகம். முறையாகத் தேர்ந்தெடுத்த ஆட்களிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டு, வரும் பதில்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நாட்டின் மனம் தெரிந்துவிடும் என்று நம்பினார்கள். அந்த முறைக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. பதில் சொல்பவர் தனியாக இருக்க வேண்டும். அவர் சொல்வது அவருடைய சொந்தக் கருத்தாக இருக்க வேண்டும்.

நம் கிராமத்தில் இது நடக்குமா? கேள்வித்தாளோடு ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தால் அடுத்த நிமிடம் அங்கே யார் யார் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பங்காளிகள் வருவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வருவார், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். கேள்வி ஒருவருக்கு, பதில் நாலு பேரிடமிருந்து. அந்த நாலு பேரும் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் கேட்கப்பட்டவர் வாய் திறப்பார். தனித்தனி மனிதர்களின் தனித்தனிக் கருத்துகளைச் சேகரிக்க வந்தவர்களுக்கு, கருத்து என்பதே கூடிப் பேசி உருவாகும் ஓர் இடம் எதிரே வந்து நின்றது.

இந்த இடத்தில் பெரும்பாலான ஆய்வாளர்கள் கிராமத்து ஜனங்கள் இன்னும் நவீனமாகவில்லை என்று எழுதிவிட்டு விமானம் ஏறியிருப்பார்கள். ருடால்ஃப் தம்பதிக்குத் தங்கள் கேள்வித்தாள் மீதே சந்தேகம் வந்தது. நடந்ததை 1958-இல் ‘பப்ளிக் ஒப்பீனியன் குவார்ட்டர்லி’ இதழில் எழுதினார்கள். அந்தச் சந்தேகம் சூசனை விடவே இல்லை. ஐம்பது வருடம் போல் கழித்து அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்துக்கு அவர் தலைவரானார். ஓர் ஊரில் விளைந்த கருத்தாக்கங்களை உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகோலாகத் திணிப்பது பற்றித்தான் அவருடைய தலைமையுரை. அதில் எடுத்துப் பேசிய உதாரணங்களில் அந்த மதராஸ் கணிப்பும் ஒன்று. நம் திண்ணைக் கூட்டம் அப்படி ஒரு சபை வரைக்கும் போயிருக்கிறது.

இதே களத்தில்தான் இன்னொரு கேள்வியும் அவர்களுக்குப் பிடிபட்டது. தேர்தலும் வாக்குரிமையும் வந்தால் சாதி தானாகக் கரைந்துவிடும் என்று அக்கால அறிஞர்கள் பலர் எதிர்பார்த்தார்கள். இங்கேயோ சாதி சங்கம் வைத்துக்கொண்டு தேர்தலுக்கு வந்தது. 1952 சட்டமன்றத் தேர்தலில் வன்னியர்களை நம்பி இரண்டு கட்சிகள் நின்றன. தென்னாற்காட்டில் ராமசாமி படையாட்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களை வென்றது. வடாற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் பொதுநலக் கட்சி 6 இடங்களை வென்றது. சில ஆண்டுகளுக்குள் இரண்டு தலைவர்களும் அமைச்சர்கள். பழைய ஏற்பாடு ஒன்று சங்கம், நிர்வாகக் குழு, தீர்மானம், மாநாடு என்று புதிய உருவம் எடுத்து ஜனநாயகத்துக்குள் நுழைவதை 1960-இல் ஒரு கட்டுரையாகவும், 1967-இல் ‘மரபின் நவீனத்துவம்’ என்று பொருள்படும் புத்தகத்தின் ஒரு பகுதியாகவும் எழுதினார்கள். இந்திய அரசியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

எனக்கு அந்த எழுத்தில் ஒரு மனக்குறை உண்டு. சங்கம் கட்டி மேலேறும் சாதியை அவர்கள் பரிவோடு பார்த்தார்கள். அப்படி ஏறியவர்கள் தங்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற கேள்விக்கு அங்கே அதிக இடமில்லை. சேரியிலிருந்து பார்த்தால் அதே சங்கம் எப்படித் தெரிந்திருக்கும்? அதைக் கேட்க இன்னொருவர் வர வேண்டியிருந்தது. அவரிடம் பிறகு வருகிறேன்.

ருடால்ஃப் தம்பதி 1964-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 2002 வரை அங்கேயே கற்பித்தார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை ஜெய்ப்பூருக்கு வந்து தங்குவார்கள். ராஜஸ்தானத்து அமர் சிங் என்பவர் 1898 முதல் 1942 வரை எழுதிய நாட்குறிப்பை வைத்து அவர்கள் கொண்டுவந்த நூல், வெள்ளைக்காரர் இந்தியரைப் பார்த்த காலத்தில் ஓர் இந்தியர் வெள்ளைக்காரரை எப்படிப் பார்த்தார் என்று காட்டுகிறது. இந்திய அரசு 2014-இல் இருவருக்கும் பத்ம பூஷண் கொடுத்தது. 2015 டிசம்பரில் சூசன் மறைந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2016 ஜனவரியில் லாயிடும் போய்விட்டார்.

அதே சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்ற ராபர்ட் ஹார்ட்கிரேவ் பின்னாளில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். திராவிட இயக்கம் பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1965-இல் பம்பாயில் அச்சானது. அண்ணா ஆட்சிக்கு வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்த நூலைப் பார்க்க வேண்டும். 1969-இல் வந்தது அவருடைய நாடார் சமூக ஆய்வு. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து வாசகர்களுக்கு அதில் உள்ள சங்கதிகளைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை: தோள்சீலைப் போராட்டம், கமுதிக் கோயில் வழக்கு, 1899 சிவகாசிக் கலவரம், 1910-இல் நாடார் மகாஜன சங்கம்.

நம் பெரியவர்கள் சர்வசாதாரணமாகக் கடந்துபோகும் மகமையை அவர் உட்கார்ந்து படித்தார். வந்துபோகும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தாங்களே ஒதுக்கி, உறவின்முறை என்ற தங்கள் சமூக அமைப்பில் சேர்த்து, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலா 1889-இலேயே வந்துவிட்டது. அரசாங்கம் கை கொடுக்காத இடத்தில் ஒரு சமூகம் தனக்குத்தானே வரி போட்டுக்கொண்டது. வரி போடுவதும் செலவு செய்வதும் கணக்குக் காட்டுவதும் அரசின் வேலை என்றால், அந்த உறவின்முறை ஓர் அரசு போலவே நடந்திருக்கிறது. இதை அரசியல் என்று பார்க்க அரசியல் அறிவியல் படித்த கண் வேண்டியிருந்தது.

அவர் கண்டுசொன்ன இன்னொன்று இன்றைய தேர்தல் விவாதக்காரர்களுக்கு உதவும். ஒரு சமூகம் ஒடுக்குமுறையை எதிர்த்துப் போராடும்போது ஒன்றாக நிற்கிறது. மேலே வந்த பிறகு அதற்குள்ளேயே பணக்காரர், ஏழை, நகரத்தார், கிராமத்தார் என்று நலன்கள் பிரிந்து வாக்கும் பிரிந்துவிடுகிறது. 1967-இல் காமராஜர் விருதுநகரிலேயே தோற்றதை வைத்துக்கொண்டு இதை யோசித்துப் பாருங்கள். ஒரு சாதியை ஒரே வாக்குப் பெட்டியாக எண்ணிக் கூட்டிக் கழிக்கிறவர்கள் அரைநூற்றாண்டுக்கு முந்தைய இந்த ஆய்வை ஒரு தடவையாவது புரட்டலாம்.

அடுத்து அவர் சினிமாவுக்குப் போனார். எம்.ஜி.ஆர். ரசிகர் மன்றங்களையும், தி.மு.க.வுக்கும் நட்சத்திரங்களுக்கும் இருந்த உறவையும் பற்றி 1970-களிலேயே எழுதினார். நம் கல்லூரிகளில் அப்போது ரசிகர் மன்றம் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன் என்று ஒரு மாணவர் சொல்லியிருந்தால் துறைத் தலைவர் வெளியே போகச் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். பிறகு ஹார்ட்கிரேவின் ஆர்வம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் வாழ்ந்த சால்வின்ஸ் என்ற ஓவியரிடம் போய்விட்டது. அவரைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றையும் 2004-இல் கொண்டுவந்தார். பேராசிரியர்களுக்கும் மனசு மாறும். அதற்கு இடம் கொடுக்கும் வேலை வேறெங்கே கிடைக்கும்?

இனி மார்கரீட் ராஸ் பார்னெட். இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று தோன்றியதே அவரால்தான்.

அவர் 1942-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். வளர்ந்தது பஃபலோ நகரத்தில். ஓஹையோவிலுள்ள ஆன்டியோக் கல்லூரியில் சேர்ந்தபோது விஞ்ஞானியாக வேண்டும் என்பது ஆசை. அங்கே இந்திய அரசியல் பற்றிய ஒரு பாடத்தை எடுத்தார். அத்தோடு திசை மாறிவிட்டது. அந்த வகுப்பு எப்படி நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஓஹையோவில் ஓர் அறை, கரும்பலகை, இந்தியாவைப் பற்றி ஓர் ஆசிரியர். கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களில் பலர் பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பார்கள். ஒரு மாணவி மட்டும் மதராஸ் வரைக்கும் வந்துவிட்டார்.

1960-களின் இறுதியில் அவர் இங்கே களப்பணி செய்தார். எப்பேர்ப்பட்ட காலம் அது! 1967-இல் தி.மு.க. ஆட்சி. 1968 தொடக்கத்தில் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு. அந்த ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1969 ஜனவரியில் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. பிப்ரவரியில் அண்ணா மறைவு. பார்னெட்டின் சொந்த நாட்டிலும் கறுப்பின மக்களின் போராட்டம் உச்சத்தில் இருந்தது. 1968 ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். தோலின் நிறத்தால் ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து வந்தவர், பிறப்பால் இழிவுபடுத்தப்பட்டவர்களின் பெயரால் ஓர் இயக்கம் கோட்டையைப் பிடித்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அந்த ஆண்டுகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இந்தப் பின்னணியோடு நம்மைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

‘தென்னிந்தியாவில் பண்பாட்டுத் தேசியத்தின் அரசியல்’ என்று பொருள்படும் அவருடைய நூலை 1976-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பிராமணர் அல்லாதார் என்ற அடையாளம் திராவிடர் என்றாகி, பிறகு தமிழர் என்றானதை அது பின்தொடர்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று கேட்கிறது. சாதியின் அடிவேரையே வெட்ட வேண்டும் என்று பெரியார் சொன்னதற்கும், மொழியையும் பண்பாட்டையும் முன்வைத்து எல்லாரையும் ஒரு கொடியின் கீழ்க் கழகம் திரட்டியதற்கும் உள்ள தூரத்தை அந்த நூல் மறைக்கவில்லை. பிராமணரல்லாதார் என்று ஒரே மூச்சில் சொல்லும்போது அதற்குள் முன்னேறியவர்களும் பின்தங்கியவர்களும் இருப்பதை அழுத்திச் சொல்கிறது. எல்லா முடிவுகளையும் இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் பல இடங்களில் அவரோடு முரண்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் அவர் போட்ட பாதையில் நின்றுகொண்டுதான் முரண்பட்டார்கள்.

சங்கம் சேரியிலிருந்து எப்படித் தெரிந்தது என்று முன்பு கேட்டேன். பார்னெட்டும் மானுடவியலாளரான அவருடைய கணவர் ஸ்டீவ் பார்னெட்டும் சேர்ந்து 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தீண்டாமைக்கு ஆளான, போர்க்குணம் மிக்க ஒரு மனிதரின் எண்ணங்கள்தான் அதன் பொருள். புள்ளிவிவரத்தில் ஓர் எண்ணாக வந்துபோயிருக்க வேண்டியவர், அங்கே தன் காலத்தைப் பற்றிச் சிந்திக்கும் மனிதராக வருகிறார். தலித் அரசியல் என்ற சொல் நம் பத்திரிகைகளில் புழங்குவதற்கு வெகுகாலம் முன்பே இது நடந்தது.

1976-இல் வந்த அந்த நூலுக்கு அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் 1981-இல் ரால்ஃப் பன்ச் விருதைக் கொடுத்தது. பன்ச் யார் தெரியுமா? 1950-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற கறுப்பின அரசியல் அறிவியலாளர். பார்னெட் பிரின்ஸ்டன், ஹோவர்ட், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். இன்னொரு பக்கம் அமெரிக்கக் கறுப்பினச் சமூகத்துக்கான பொதுக் கொள்கை பற்றிய தொகுப்பு நூலுக்கும் ஆசிரியராக இருந்தார். துறைப் பட்டியலில் பார்த்தால் தென்னிந்திய அரசியல், அமெரிக்கக் கறுப்பின அரசியல் என்று சம்பந்தமே இல்லாத இரண்டு ஆர்வங்கள். அவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள் தங்களுக்கு ஒரு பெயர் சூட்டிக்கொண்டு எழும்போது அந்தப் பெயர் யாருக்கெல்லாம் சோறு போடும் என்ற கேள்வி பஃபலோவிலும் உண்டு, பல்லாவரத்திலும் உண்டு.

1986-இல் செயின்ட் லூயிஸ் நகரில் மிசௌரி பல்கலைக்கழக வளாகத்துக்குத் தலைவரானார். நகரத்து ஏழைப் பள்ளி மாணவர்களைக் கல்லூரிப் படிப்புக்குத் தயார்செய்யும் திட்டம் ஒன்றை அங்கே தொடங்கினார். நாடு முழுவதும் பேசப்பட்ட திட்டம் அது. 1990-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவர். அவ்வளவு பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. 1992 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயது 49. ஹூஸ்டனில் அவர் பெயரைச் சொன்னால் பல்கலைக்கழகத் தலைவர் என்று அடையாளம் காண்பார்கள். நம் ஊரில் ஆய்வு மாணவர்களைத் தவிர வேறு யாருக்கும் அவரைத் தெரியாது. ஒரு கழகத்துக்காரர்கூட அவர் படத்தை மாட்டி வைத்து நான் பார்த்ததில்லை.

இலங்கை வாசகர்கள் இந்நேரம் ஒரு பெயரைச் சொல்லியிருப்பீர்கள். ஏ. ஜெயரத்னம் வில்சன். பேராதனையில் அரசியல் அறிவியலின் முதற்பேராசிரியர். 1972-இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். தந்தை செல்வாவின் மருமகனும்கூட. மேலே சொன்னவர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் இவருக்கு இருந்தது. இவர் ஆராய்ந்த அரசியல் இவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்துகொண்டிருந்தது.

1978-இல் இலங்கைக்கு நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்த அரசியலமைப்பை ‘ஆசியாவில் ஒரு கோலிய முறை’ என்று பொருள்படும் தலைப்பில் 1980-இல் ஆராய்ந்தார். பிரான்சில் டி கோல் அமைத்த ஏற்பாட்டோடு அதை ஒப்பிட்டார். படிப்போடு நிற்கவில்லை. ஜே.ஆர். ஜெயவர்தனாவுக்கும் தமிழர் தலைமைக்கும் இடையே தூது போனார். மாவட்ட அபிவிருத்திச் சபைகள் பற்றிய ஆணைக்குழுவில் உறுப்பினராக இருந்தார். நிறுவனங்களைச் சரியாக வடிவமைத்தால் இரண்டு இனங்களும் சேர்ந்து வாழலாம் என்று நம்பிய அரசியல் அறிவியலாளரின் செயல் அது. பிறகு 1983 ஜூலையில் தமிழர் மீதான வன்முறை வந்தது. 1988-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே இலங்கையின் உடைவு. மாமனார் செல்வநாயகத்தின் அரசியல் வாழ்க்கையையும் இலங்கைத் தமிழ்த் தேசியத்தின் வரலாற்றையும் எழுதி முடித்துவிட்டு 2000 மே மாதம் டொரன்டோவில் காலமானார். 1980-இல் எழுதிய நூலையும் 1988-இல் எழுதிய நூலையும் அடுத்தடுத்துப் படிப்பவர்களுக்கு, இடையில் இருக்கும் எட்டு வருடங்களின் கனம் தெரியும். மாமனாரின் அரசியலை எழுதும்போது அவர் நடுநிலையாக இருந்தாரா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அவர் தன் உறவை மறைத்து எழுதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் தமிழ் உணர்வு பெருகியது. ஆனால் ஆயுதப் போராக ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களில் முக்கியமானவர் மெக்கில் பல்கலைக்கழகத்தின் நரேந்திர சுப்பிரமணியன். 1999-இல் வந்த அவருடைய நூல், திராவிடக் கட்சிகள் மக்களைத் திரட்டிய விதத்திலேயே பதிலைத் தேடுகிறது. உரிமையைக் கேட்டுப் பெறச் சொல்லும் வெகுமக்கள் அரசியல் ஒன்று, காப்பாற்ற ஒருவர் இருக்கிறார் என்று சொல்லும் வெகுமக்கள் அரசியல் இன்னொன்று என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது தி.மு.க.விடமும் இரண்டாவது அ.தி.மு.க.விடமும் ஓங்கியிருந்தன என்பது அவர் கணிப்பு. அதன் பிறகு அவர் ஆர்வம் குடும்பச் சட்டங்கள் பக்கம் போய்விட்டது.

எம்.எஸ்.எஸ். பாண்டியனை விட்டுவிட மனமில்லை. சரியாகச் சொன்னால் அவர் அரசியல் அறிவியல் பேராசிரியர் இல்லை. நாஞ்சில் நாட்டு வேளாண்மைப் பொருளாதாரத்தில் தொடங்கி, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி, டெல்லியில் வரலாற்றுத் துறையில் போய் முடித்தவர். ஏழைகள் மீது வரிச்சுமை ஏற்றிய ஆட்சிக்கு ஏழைகளே ஏன் திரும்பத் திரும்ப வாக்களித்தார்கள் என்று எம்.ஜி.ஆர். பற்றி 1992-இல் அவர் எழுப்பிய கேள்விக்கு, அவரை மறுத்தவர்கள்கூட இன்னும் முழுப் பதில் சொல்லிவிடவில்லை. 2014-இல் அவர் மறைந்தார்.

இத்தனை பேரைச் சொல்லியாயிற்று. நம் கல்லூரி வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஹாப்ஸ், லாக், ரூசோ. பிறகு அரசியலமைப்பின் பகுதிகளும் பிரிவுகளும். இவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஹாப்ஸைப் படிக்காதவருக்கு அரசு என்பது ஏன் வேண்டும் என்ற கேள்வியே எழாமல் போகலாம். ஆனால் மூன்று வருடம் படித்த மாணவர் ஒருமுறைகூட ஊராட்சி அலுவலகப் படி ஏறாமல் பட்டம் வாங்க முடிகிறது என்பது எனக்கு உறுத்துகிறது. குற்றத்தை ஆசிரியர்கள் தலையில் மட்டும் போடவும் மாட்டேன். கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் ஓடிக்கொண்டிருப்பவரிடம் போய்க் களப்பணி செய்யுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அரசியல் அறிவியலாளர் ரஜினி கோத்தாரி பரோடாவில் அதிகம் பேருக்குத் தெரியாத விரிவுரையாளராக இருந்தபோதுதான் இந்திய அரசியல் பற்றிய தொடர் கட்டுரைகளை 1961-இல் எழுதினார். 1963-இல் டெல்லியில் வளரும் சமூகங்களுக்கான ஆய்வு மையத்தைத் தொடங்கினார். சாதி அரசியலைக் கெடுக்கிறது என்று எல்லாரும் புலம்பியபோது, அரசியல் சாதியை என்ன செய்கிறது என்று திருப்பிக் கேட்டவர் அவர். யோசிக்க அவருக்கு நேரம் கிடைத்தது, எழுத இடம் கிடைத்தது. நம் விரிவுரையாளர்களுக்கும் இந்த இரண்டும் கிடைக்க வேண்டும்.

இந்த இதழால் சம்பளம் உயர்த்த முடியாது. இடம் கொடுக்க முடியும். ஆகவே ஒரு வேண்டுகோள்.

வரும் ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் கிராம சபை கூடும். கல்லூரி மாணவர்கள், எந்தத் துறையில் படித்தாலும் சரி, உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போய் முழுக் கூட்டமும் உட்கார்ந்து பாருங்கள். யார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் தரையில், யார் ஓரமாக நின்றே கேட்டார்கள், பெண்களில் பேசியவர் எத்தனை பேர், எந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை, கேட்ட கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள், எந்தத் தீர்மானம் படிக்கப்படாமலேயே நிறைவேறியது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் வராதவர்களில் இரண்டு பேரையாவது பார்த்து ஏன் வரவில்லை என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் உங்கள் பகுதி சபையைப் பற்றி எழுதலாம். இலங்கை வாசகர்கள் உங்கள் பிரதேச சபை அமர்வு ஒன்றைப் பார்த்து எழுதலாம். அதற்குத் தேதிக் கட்டுப்பாடு இல்லை.

ஆயிரம் சொற்களுக்குள் இருக்கட்டும். பதவியில் இருப்பவர்களைத் தவிர மற்ற யார் பெயரையும் போட வேண்டாம், ஊரில் அவர்கள் நாளைக்கும் நடமாட வேண்டும். நாடு எப்படி இருக்க வேண்டும் என்ற உங்கள் கருத்தை இந்த ஒரு தடவை தள்ளி வையுங்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் எங்கள் கைக்குக் கிடைக்கும் கட்டுரைகளில் நன்றாக வந்தவற்றை அக்டோபர் இதழில் வெளியிடுகிறோம். உங்கள் துறை ஆசிரியரிடம் காட்டித் திருத்தி அனுப்பினால் அவர் பெயரையும் சேர்த்தே போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்